ஒன்றரையும் ஒன்று தசம் ஐந்தும்

என் பிள்ளைக்கு,

தாளின் தலையில் சிவமயம் போட்டுவிட்டு, பேனையை உதறி மை வருகிறதா என்று பார்த்தேன். உனக்குக் கடிதம் எழுதி எவ்வளவு காலமாகிவிட்டது! ஒவ்வொரு நாளும் போனில் கதைக்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று அப்பா கேட்கிறார். போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நீ "ஓமம்மா, ஓமம்மா" என்று முடித்துவைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. முந்தாநாள் நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய்: "சரி, நீங்களே சொல்லுங்கோ பாப்பம். சைக்கிளுக்கு மெல்லிசு ரயரோ, மொத்தமோ? இருபத்தாறோ, இருபத்தெட்டோ?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் நீ உன்னோடு வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்குச் சைக்கிளில் புறப்படுகிறாய். கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று முருகனுக்கு நான் வைத்த நேர்த்தி அது. என் முழங்கால் கைவிட்ட பிறகு நீ அதை உன் தலையில் எடுத்துக்கொண்டாய். என் நேர்த்தி இரண்டு ரயரில் உருளப்போகிறது என்றால், அவை என்ன ரயர் என்று நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது?

முதலில் பொங்கலுக்கு நான் விட்ட பிழையைச் சொல்லி அதைத் தீர்த்துவிடுகிறேன். உன் கொழும்புச் சைக்கிளை ரயிலில் கொண்டுவருவதாகவும், அதிலுள்ள மெல்லிய ரயரைக் கழற்றிவிட்டு அகலமானது போட வேண்டும் என்றும், இரண்டு வாங்கி வைக்கும்படியும் செய்தி அனுப்பியிருந்தாய். 28 x 1.50 என்று எழுதியிருந்தாய். நானும் அப்பாவும் பஸ்ஸில் ரவுணுக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துத் தந்த ரயரில் 28 x 1½ என்று பதிந்திருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். நீ படித்து முடித்து மூலையில் போட்ட கணக்குப் புத்தகங்களை எடுத்துவைத்து, உலையில் சோறு வேகிற நேரத்தில் நானாகவே பின்னமும் தசமமும் படித்தேன். அரை என்பதும் தசம் ஐந்து என்பதும் ஒன்றே என்று விளங்கிய நாளில், யாரோ காதுக்குள் மந்திரம் ஓதிவிட்டது போல இருந்தது. வீட்டுச் செலவை அன்றிலிருந்து சதம் பிசகாமல் எழுதி வருகிறேன். அந்தத் துணிவில்தான் ஒன்றரையை வாங்கி, ஒன்று தசம் ஐந்து என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நீ விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ரயரை மாட்டிப் பார்த்தாய். ஒரு பக்கம் ஏறியது. மறுபக்கம் தொட முன்னமே கழன்று விழுந்தது.

"என்னம்மா இது? மெலிஞ்சவளுக்குக் கொழுத்தவளின்ரை பாவாடையைக் கட்டினமாதிரி நிக்குது."

"ஒண்டரை எண்டுதானே கேட்டனீ?"

"நான் ஒண்டு தசம் அஞ்செல்லோ எழுதினனான்."

"அரையும் தசம் அஞ்சும் ஒண்டுதானே பிள்ளை!"

"கணக்கிலை ஒண்டு. றிம்மிலை வேறை."

சாய்மனைக் கதிரையில் இருந்த அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இவ்வளவு காலமும் நான் பாத்துக்கொண்டிருந்தனான், கொம்மாவைக் கணக்கிலை மடக்க ஆர் வரப்போகினம் எண்டு. கடைசியிலை ஒரு சைக்கிள் சில்லெல்லோ வந்திருக்கு!"

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சமமான இரண்டு எண்கள் எப்படி ஒன்றின் இடத்தில் மற்றது இருக்க மாட்டேன் என்று சொல்லும்? நீ பழைய மெல்லிய ரயரைத் திரும்ப மாட்ட முன்னம், அதையும் நான் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரையோடு சுற்றி வாசித்தேன். பெரிய எழுத்துக்குக் கீழே சின்னதாக இன்னொரு சோடி எண் இருக்கிறது. உன்னுடையதில் 28-622. நான் வாங்கியதில் 40-635. முதல் எண் ரயரின் அகலம். இரண்டாவது எண், ரயர் றிம்மில் போய் உட்காருகிற வட்டத்தின் குறுக்களவு. இரண்டும் மில்லிமீற்றரில். இரண்டு ரயருக்கும் வாய்ச்சொல்லில் இருபத்தெட்டு என்றுதான் பெயர். ஆனால் உள்ளே பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம், ஒரு விரல் அகலம். அந்த விரல் அகலத்துக்குள்தான் என் ஒன்றரை கழன்று விழுந்தது. ஆகவே எந்தக் கடையிலும் பெரிய எழுத்தைப் பார்த்து வாங்காதே. கரையில் இருக்கிற கடைசி எண்ணை வாசி. பின்னமாக எழுதியதற்குத் தசமத்தைப் போடாதே, தசமத்துக்குப் பின்னத்தைப் போடாதே. நான் வாங்கிய இரண்டும் வீணாகவில்லை, அப்பாவின் பெரிய சைக்கிளுக்கு அளந்து செய்ததுபோலப் பொருந்திவிட்டன. மருதனார்மடம் சந்தைக்கு இப்போது புது மாப்பிள்ளை மாதிரிப் போய்வருகிறார்.

மெல்லியதா, மொத்தமா என்ற கேள்விக்கு வருகிறேன். கண்டி றோட்டு இப்போது பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது, மெல்லிய ரயர்தான் வழுக்கிக்கொண்டு ஓடும், அகல ரயர் கால்களைத் தின்னும் என்று பொங்கலுக்குப் பிறகு நீ மனம் மாறிச் சொன்னாய். பாய் விரித்தது நடு றோட்டில். பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்தால் நீ எங்கே இறங்குவாய்? கரைக்கு. அங்கே இருப்பது கிரவலும் மணலும். நான் இதைப் படித்தது அந்தக் கரையில்தான். ஷெல்லடிக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் அத்தனையும் ஒரே றோட்டால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த அந்த மழையில் உனக்கு இரண்டு வயது. உடம்பு கொதித்தது. அப்பாவின் இருபத்தெட்டு இஞ்சிச் சைக்கிளின் முன் பாரில் சின்னச் சீற் பூட்டி, துவாயால் சுற்றி உன்னைக் கட்டியிருந்தோம். பின் கரியரில் றங்குப்பெட்டி, அதற்கு மேலே அரிசி. எனக்கு என் லேடீஸ் சைக்கிள், இருபத்தாறு இஞ்சி, அகலம் ஒன்றும் எட்டில் மூன்றும், இரண்டு விரல் மொத்தம்தான் இருக்கும். அதில் சட்டி பானையும் சுவாமிப் படமும். ஓடுவதற்கு இடமில்லை, எல்லோரும் உருட்டிக்கொண்டுதான் நடந்தோம். நாவற்குழிப் பாலம் கடந்து சேற்றுக் கரைக்குச் சனம் எங்களைத் தள்ளியபோது, என் மெல்லிய ரயர் கத்தி கேக்கை வெட்டுகிற மாதிரிச் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே போனது. அப்பாவின் சைக்கிள், அவ்வளவு பாரத்தோடும், மேலே நின்றது. அன்றிலிருந்து அகல ரயரின் அருமையை யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆனால் அப்பாவின் பின் ரயர் பழையது. தடையால் ரயர் வராத காலம், உள்ளே இன்னொரு பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடிக்கொண்டிருந்தார். கைதடிக்குக் கிட்ட வந்தபோது அந்தத் தையல் விட்டு, ரியூப் கோழிமுட்டை அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அது வெடித்தால் றங்குப்பெட்டியும் அரிசியும் நீயும் அந்த இடத்திலேயே. நான் சுவாமிப் படத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்: "முருகா, இந்த ரயரைச் சாவகச்சேரி மட்டும் வெடியாமல் கொண்டுபோய்ச் சேர். நான் உன்ரை கதிர்காமத்துக்கு நடந்து வாறன்."

அந்த நெரிசலிலும் அப்பா திரும்பிப் பார்த்தார். "இஞ்சேரும், ரயருக்கோ நேர்த்தி வைக்கிறீர்? பிள்ளைக்கெல்லோ வைக்க வேணும்!"

"ரயர் போனால் பிள்ளை எதிலை போறது? நீங்கள் பேசாமல் உருட்டுங்கோ."

அப்பா ரியூப்பில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். என் சேலைத் தலைப்பைக் கிழித்து, ரயரையும் றிம்மையும் சேர்த்து அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினார். அதன் பிறகு சில்லு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் 'தொக்' என்று ஒரு சத்தம். அந்தத் தொக், தொக் சத்தத்துக்கு நான் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நீ அதைத் தாலாட்டு என்று நினைத்தாயோ என்னவோ, நித்திரையாகிவிட்டாய். சாவகச்சேரி கடந்து மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அப்பா சைக்கிளைச் சுவரில் சாத்தி, உன்னை அவிழ்த்து என் கையில் தந்தார். அவர் பெட்டியை இறக்குவதற்குள் ரயர் 'படார்' என்று வெடித்தது. ஷெல் என்று நினைத்து, முற்றத்தில் நின்ற அத்தனை சனமும் குப்புற விழுந்து படுத்தது. தலையை முதலில் தூக்கிய ஒரு கிழவர் சைக்கிளைப் பார்த்து, "அட, உவர் எங்கடை பக்கத்து ஷெல்லப்பா!" என்றார். பாதி நனைந்து, சோறு கண்டு ஒரு பகலாகியும், அவ்வளவு பேரும் சேற்றில் கிடந்து சிரித்தோம். முருகன் நான் கேட்டதைக் கேட்டபடியே செய்திருந்தான். சாவகச்சேரி மட்டும் என்றேன், அதற்கு மேலேயும் கொஞ்சம் போட்டுத் தந்திருந்தான்.

அவன் தன் பங்கைச் செய்துவிட்டான். என் பங்குதான் நின்றது. சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம் ஒன்று. பாதை திறந்தபோது நீ பெரிய வகுப்பில் இருந்தாய். பிறகு உன் கம்பஸ் படிப்பு, பிறகு அப்பாவின் கண் ஒப்பரேசன். ஒவ்வொரு ஆடிக்கும் "வாற வருசம் கட்டாயம்" என்று சந்நிதி வாசலில் சொல்லிவிட்டு வருவேன். அவனும் கையில் வேலோடு கேட்டுக்கொண்டு நிற்பான். போன வருடம் நான் தேவாரம் முடித்து எழும்ப ஏலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீ கண்டாய். "உங்கடை நேர்த்தியை நான் செய்யிறனம்மா. நடக்கிறதுக்கு லீவு காணாது, சைக்கிளிலை போறன்" என்றாய். நீ எனக்குச் செய்த உதவிகளில் அந்த ஒரு வசனத்தைப் போல ஒன்றும் இல்லை. அதைக் கேட்ட அன்று பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி ஏன் இறங்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இருபத்தாறா, இருபத்தெட்டா என்று தீர்மானிக்க, வழியில் என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா போன வருடம் நடந்து போனவர். அவரைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வழியில் உள்ள கடைகளில் என்ன ரயர் தொங்கியது என்று கேட்டேன்.

"அடி ஆத்தை! நான் முருகனைப் பாக்கப் போனனானோ, ரயர் பாக்கப் போனனானோ?"

"யோசிச்சுப் பாருங்கோக்கா. இருந்து களை ஆறின இடங்களிலை கண்டிருப்பியள்."

"அதெண்டால் சரி. நான் இருந்த இடம் பாதி சைக்கிள் கடைதான். அங்கைதான் இருக்க வாங்கு போட்டிருப்பினம், தண்ணியும் குடுப்பினம். மூதூரிலையும் கண்டன், திருக்கோவிலிலையும் கண்டன், எல்லா இடமும் உந்தப் பொடியள் ஓடுற மொத்த ரயர்தான் மாலை மாதிரித் தொங்கினது. கிழவன்மாற்றை பெரிய சைக்கிள் ரயரும் ஒண்டு ரெண்டு." பிறகு தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது சரி, கலியாணம் பேசுற வயசிலை பொம்பிளைப் பிள்ளையைச் சைக்கிளிலை அனுப்பிறீர். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்லப்போறீர்?"

"கதிர்காமம் மட்டும் சைக்கிள் உழக்கினவள், உங்கடை வீட்டையும் இழுத்துக்கொண்டு போவாள் எண்டு சொல்லுறன்."

அவர் சிரித்தார், சரி. ஆனால் அவர் சொன்னதில் உனக்கு வேண்டியது இருக்கிறது. பொடியள் ஓடுகிற அந்த மொத்த ரயர் 26 x 1.75. கரையில் 47-559 என்று இருக்கும். உன் கொழும்புச் சைக்கிளின் 622 வழிக் கடைகளில் தொங்காது. கிழவர்களின் இருபத்தெட்டு அதில் ஏறாது, அதை நாங்கள் பார்த்துவிட்டோம். என் லேடீஸ் சைக்கிளும் இருபத்தாறுதான், ஆனால் அது 590, அதுவும் வேறு. பெரிய சில்லு பள்ளத்தில் விழாமல் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் நீ என்னைப் போலக் கட்டை. அந்தச் சைக்கிளில் திரும்பும்போது கால்விரல் முன் ரயரில் முட்டுகிறது என்று நீயே சொன்னாய். சின்னச் சில்லுக்குக் கம்பி கட்டை, பாரத்துக்கு இலகுவில் நெளியாது. ஆகவே என் தீர்ப்பு இது: கொழும்புச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வா. நீ உடுவிலிலிருந்து திருநெல்வேலிக் கம்பஸுக்கு ஓடிய சைக்கிள் இங்கே நிற்கிறது. அதன் சில்லு 559 தான், வாசித்துவிட்டேன். மழை நாளில் பலாலி றோட்டு வெள்ளத்தால் உழக்கி வந்து, பாவாடைக் கரையெல்லாம் சேறாக, "அம்மா, பசிக்குது" என்று வாசல் படலையிலேயே கத்துவாயே, அந்தச் சைக்கிள். நீ கொழும்புக்குப் போன பிறகும் வெள்ளிக்கிழமைகளில் நான் அதைத் துடைத்து, திருநீறு பூசித்தான் வைத்திருக்கிறேன். ரயர் மட்டும் வெடித்துக் காய்ந்துவிட்டது. புதிதாக 1.75 போடு. பல்லுப் பல்லாக இருப்பதை வாங்காதே, அது தார் றோட்டில் இரைந்து இரைந்து உன் கால்களைத் தின்னும். வழுவழுப்பான தோலுள்ளதை எடு. அகல ரயருக்குக் காற்றைக் கல்லாக அடித்து ஓடினால் அகலத்தால் என்ன பயன்? பெருவிரலால் அமத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். மணலைக் கண்டால் இன்னும் கொஞ்சம் திறந்துவிடு, தார் கண்டதும் திரும்ப அடி.

காற்றைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பாதான். கலியாணமான புதிதில் அளவெட்டிக் கோயில் திருவிழாவுக்கு மேளக் கச்சேரி கேட்க என்னைச் சைக்கிள் கரியரில் டபிள் ஏற்றிக்கொண்டு போவார். வெளிக்கிட முன்னம், நான் பூ வைத்துக்கொண்டு படலையில் நிற்க, காற்றடிக்கிற பம்மை எடுத்து வைத்துப் பின் ரயருக்கு அடிப்பார். "தனிய எண்டால் உது காணும். ரெண்டு பேருக்கு நாலு அடி கூட அடிக்க வேணும்" என்பார். மாமியார் உள்ளே இருந்து, "உன்ரை பெண்டிலுக்கு நாலு அடி எண்டு ஊருக்குச் சொல்லாதை!" என்று கத்துவார். வயல் வெளிக்கு வந்ததும் தூரத்தில் நாதஸ்வரம் கேட்கத் தொடங்கும். அப்பா உழக்குவதை விட்டுவிடுவார். சைக்கிள் தன்பாட்டில் உருளும், கேட்டுக்கொண்டே போவோம். கோயிலுக்குள் இருந்து கேட்டதைவிட அந்தக் கரியரில் இருந்து கேட்டதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்றுக் கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் இன்று காலை அப்பா தன் சைக்கிளில் சந்தைக்கு வெளிக்கிடும்போது, பின் ரயரில் 1½ என்று எழுதியிருந்தது என் கண்ணில் பட்டது. எனக்குப் பதில் நீ போகிறாய். கணக்கில் பார்த்தால் சரிதான். என் இரத்தம் நீ, என் நேர்த்தி அது, நீ போனாலும் நான் போனாலும் ஒன்றே. ஒன்றரையும் ஒன்று தசம் ஐந்தும் மாதிரி. றிம்மில்தான் ஏறாது, பிள்ளை. நீ போவது உன் யாத்திரை, உன் கால், உன் புண்ணியம். நான் வாய்விட்டுக் கேட்டதும் அவன் கைகொடுத்ததும் என் கணக்கு. அந்த மீதிப் பாதிப் பாரம் இறங்காததன் காரணம் அந்த விரல் அகலம்.

அப்பாவிடம் சொன்னேன். "முழுதும் நடக்கிறன் எண்டெல்லோ சொன்னனீர்?" என்று கேட்டார். "ஓம். முழுக்க இனி ஏலாது. ஏலக்கூடியதையாவது நடக்கிறன்" என்றேன்.

ஆகவே பயணத் திட்டத்தில் ஒரு மாற்றம். நீங்கள் பொத்துவிலுக்கு வந்ததும் போன் எடு. நானும் அப்பாவும் பஸ் ஏறி, புத்தல றோட்டால் நீங்கள் வருகிற நாளுக்கு, கதிர்காமத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற செல்லக்கதிர்காமத்துக்கு வந்துவிடுவோம். அங்கே பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நான் வாசலில் நிற்பேன். அங்கிருந்து கதிர்காமம் மட்டும் உன் சைக்கிளில் என்னை டபிள் ஏற்று. பயணப் பைகளை அப்பாவிடம் கொடு, அவர் ஓட்டோவில் பின்னால் வரட்டும். "என்னை விட்டிட்டு மகளோடை டபிளோ?" என்று இப்போதே முறைத்துக்கொண்டு திரிகிறார். மாணிக்க கங்கைக் கரையில் என்னை இறக்கிவிடு. அதில் முழுகிவிட்டு, அங்கிருந்து முருகன் சந்நிதானம் மட்டும், உன் தோளைப் பிடிக்காமல், நான் நடப்பேன். ஆறுதலாகத்தான் நடப்பேன். அவன் இவ்வளவு வருடம் பொறுத்தவன், அந்தக் கொஞ்ச நேரமும் பொறுப்பான்.

கரியரை மட்டும் நல்ல இரும்பாகப் பார்த்துப் பூட்டு. கிளினிக்கில் நிறுத்தபோது நான் ஐம்பத்தெட்டுக் கிலோ, பாரக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள். செல்லக்கதிர்காமத்தில் என்னை ஏற்ற முன்னம் பம்மை எடுத்து, பின் ரயருக்கு நாலு அடி கூட அடி.

உன் அம்மா